கேட்க வேண்டியதை நேரத்தில் கேட்பது: சிறுநீரகச் செயலிழப்பும் இறுதிக்காலப் பராமரிப்புத் திட்டமும்

டயாலிசிஸ் செய்துகொள்பவரின் முன்கையில், அறுவைச் சிகிச்சை மூலம் தமனியையும் சிரையையும் இணைத்திருக்கும் இடத்தின்மேல் உள்ளங்கையை வைத்தால், தோலுக்கடியில் ஓர் அதிர்வு ஓடிக்கொண்டிருப்பது தெரியும். அந்த இணைப்பை ஃபிஸ்டுலா என்பார்கள். வலங்கைமான் பக்கத்தில் இருந்த என் பெரியம்மா, காலையில் எழுந்ததும் இடக்கையைத் தொட்டு அந்த அதிர்வு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பல் துலக்கப் போவார். "ஓடுது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். வாரம் இருமுறை கும்பகோணத்துக்குப் பேருந்தில் போய், நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு படுத்திருந்து, ஊசி எடுத்த இடத்தில் பஞ்சும் பிளாஸ்திரியுமாகத் திரும்பி வருவார். நான்கு ஆண்டுகள் இப்படிப் போயின. இரத்தத்தில் தேங்கும் கழிவான கிரியாட்டினின் எவ்வளவு, உப்பு எவ்வளவு, எடை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று நாங்கள் எல்லோரும் கேட்டோம். 'உங்களுக்கு எது வேண்டும், எது வேண்டாம்' என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு கார்த்திகை மாத இரவில் நினைவு தப்பி அவரை மருத்துவமனையில் சேர்த்தபோது, செயற்கைச் சுவாசக் கருவி பொருத்தலாமா என்று மருத்துவர் வெளியே வந்து கேட்டார். மூன்று பிள்ளைகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மூவருக்கும் அம்மாவின் மருந்துப் பட்டியல் மனப்பாடம். அம்மாவின் விருப்பம் மட்டும் தெரியாது.

அந்த நிலைக்கு இன்னொரு குடும்பம் வராமல் இருக்கச் செய்துகொள்ளும் ஏற்பாட்டுக்குத்தான் இறுதிக்காலப் பராமரிப்புத் திட்டமிடல் என்று பெயர். நோயாளி தெளிவாகப் பேசும் நிலையில் இருக்கும்போதே, நோய் முற்றினால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், எங்கே இருக்க விரும்புகிறார், தம்மால் பேச முடியாமல் போனால் தமக்காக யார் பேச வேண்டும் என்பவற்றை அவரே சொல்ல, குடும்பமும் மருத்துவரும் கேட்டு எழுதி வைத்துக்கொள்வது அது. இதைப் பேசுவதால் சிகிச்சை நின்றுவிடாது. மருத்துவர் கைவிரித்துவிட்டார் என்றும் பொருளில்லை. டயாலிசிஸ் தொடர்ந்துகொண்டிருக்கும்போதே, மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிவு செய்து காத்திருக்கும்போதுகூட இந்தத் திட்டத்தை வைத்துக்கொள்ளலாம்.

நோயைப் பற்றிச் சிறிது

நம் இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளில் ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை இரத்தத்திலிருந்து வடிகட்டி, அதில் பெரும்பகுதியை மீண்டும் உடலுக்கே அனுப்பிவிட்டு, ஒன்று அல்லது இரண்டு லிட்டரைச் சிறுநீராக வெளியேற்றுகின்றன. இந்த வடிகட்டும் திறனைத்தான் இ.ஜி.எஃப்.ஆர். என்ற எண் காட்டுகிறது. அது 15க்குக் கீழே இறங்கினால் ஐந்தாம் நிலை, அதாவது சிறுநீரகச் செயலிழப்பு. 15க்குக் கீழே வந்துவிட்டது என்பதற்காக மறுநாளே டயாலிசிஸ் தொடங்க வேண்டியதில்லை. மூச்சுத் திணறல், அடங்காத குமட்டல், பொட்டாசியம் ஏற்றம் போன்றவற்றை வைத்தே மருத்துவர் அதை முடிவு செய்வார். இடைப்பட்ட அந்தக் காலம்தான் பேசுவதற்கு மிகவும் ஏற்றது. பலர் அந்த மாதங்களை எண்களைப் பார்த்துப் பயந்தே கழித்துவிடுகிறார்கள்.

டயாலிசிஸ் சிறுநீரகத்தைக் குணப்படுத்துவதில்லை. அது செய்ய வேண்டிய வேலையில் ஒரு பங்கை வெளியிலிருந்து செய்து தருகிறது. வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் என்பது வழக்கமான அளவு. நம் ஊர்களில் இரண்டு முறையோடு நிறுத்திக்கொள்பவர்களும் உண்டு. மூன்று முறை என்றே வைத்துக்கொண்டாலும், ஒரு வாரத்தின் 168 மணி நேரத்தில் 12 மணி நேரம்தான் இயந்திரம் வேலை செய்கிறது. மீதி நேரமெல்லாம் உடல் கழிவையும் நீரையும் சேர்த்து வைத்துக்கொண்டுதான் இருக்கிறது. வயிற்றுக்குள் ஒரு குழாயைப் பொருத்தி, அதன் வழியாகத் திரவத்தை நிரப்பி வடித்து வீட்டிலேயே செய்துகொள்ளும் முறையும் இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இந்தத் திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருவதும் சேர்க்கப்பட்டிருக்கிறது.

இளம் வயதினருக்கும், வேறு பெரிய நோய் இல்லாதவருக்கும் டயாலிசிஸ் பல ஆண்டு வாழ்வைத் தருகிறது. மாற்றுச் சிறுநீரகம் அதைவிட நன்றாகத் தருகிறது. அதில் ஐயமே இல்லை. ஆனால் எழுபத்தைந்தைத் தாண்டி, இதய நோயும் நீரிழிவும் சேர்ந்திருந்து, எழுந்து நடக்கவே பிறர் கை வேண்டியிருக்கும் ஒருவருக்கு அதே இயந்திரம் அதே பயனைத் தருவதில்லை. அமெரிக்காவில் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் இருந்தபடி டயாலிசிஸ் தொடங்கிய 3,702 பேரைப் பற்றி 2009இல் வெளியான ஆய்வில், ஓராண்டுக்குள் 58 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். தொடங்குவதற்கு முன்பு தம் வேலைகளைச் செய்துகொண்ட அளவுக்கே ஓராண்டுக்குப் பிறகும் செய்ய முடிந்தவர்கள் 13 சதவீதம் பேர் மட்டுமே. அவர்கள் ஏற்கெனவே தளர்ந்துபோனவர்கள். மன்னார்குடியில் இன்னும் வயலுக்குப் போய்வரும் அறுபது வயதுக்காரருக்கு இந்த எண் பொருந்தாது. ஆயினும் 'டயாலிசிஸ் போட்டால் சரியாகிவிடும்' என்ற ஒற்றை வரியை எல்லோருக்கும் சொல்லக் கூடாது என்பதற்கு இது போதும்.

இயந்திரம் இல்லாத வழி

டயாலிசிஸ் வேண்டாம் என்றால் ஒன்றுமே செய்யாமல் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி அனுப்பினால் அது தவறு. டயாலிசிஸ் இல்லாமல் மருந்து, உணவு, அரவணைப்பு ஆகியவற்றால் நோயைப் பார்த்துக்கொள்வது தனியான ஒரு சிகிச்சை முறை. இதில் இரத்த அழுத்தத்துக்கும் இரத்தசோகைக்கும் மருந்து தொடரும், கால் வீக்கத்துக்கு நீர் பிரிக்கும் மாத்திரை தொடரும், அரிப்புக்கும் குமட்டலுக்கும் தூக்கமின்மைக்கும் மருத்துவம் நடக்கும். இந்த வழியைத் தேர்ந்தெடுத்தவர்கள் பல மாதங்கள், சிலர் ஓராண்டுக்கு மேலும், வாரத்தில் மூன்று நாள் பேருந்துக்கும் ஊசிக்கும் போகாமல் தம் வீட்டுத் திண்ணையில் இருந்து வாழ்கிறார்கள். வாழ்நாள் சற்றுக் குறையலாம். மருத்துவமனையில் கழியும் நாட்களும் குறையும். எது பெரிது என்பதை அவரவர்தான் சொல்ல முடியும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருப்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. முடிவு செய்ய முடியாதபோது, ஒரு மாதமோ மூன்று மாதமோ என்று முன்கூட்டியே காலவரையறை வைத்து டயாலிசிஸைத் தொடங்கிப் பார்க்கலாம். என்ன நடந்தால் தொடர்வது, என்ன நடந்தால் நிறுத்துவது என்பதைத் தொடங்கும் முன்பே பேசிக்கொள்ள வேண்டும். 'சாப்பிடத் தோன்ற வேண்டும், வாசல் வரைக்கும் நடக்க வேண்டும், பேத்தியை அடையாளம் தெரிய வேண்டும்' என்பதுபோல நோயாளியின் வாயாலேயே அந்த அளவுகோல் வர வேண்டும். அவரிடம் கேட்காமல் கிரியாட்டினின் போன்ற ஆய்வுக்கூடத்து எண்ணை அளவுகோலாக வைத்துவிட்டால், எண் இறங்கிக்கொண்டே இருக்கும், அவரும் படுத்துக்கொண்டே இருப்பார்.

எப்போது, எப்படிக் கேட்பது

இதுதான் இந்த விஷயத்தில் மிகக் கடினமான பகுதி என்று நான் நினைக்கிறேன், அதனால் இங்கே சற்று நிற்கிறேன். நம் டெல்டாக் குடும்பங்களில் பெரியவர்களிடம் எதைக் கேட்டாலும், "எனக்கென்ன தெரியும், புள்ளைங்க பாத்துக்குவாங்க" என்று சொல்லிவிடுவார்கள். அதில் நம்பிக்கையும் இருக்கிறது, அன்பும் இருக்கிறது. ஆனால் பார்த்துக்கொள்ள வேண்டிய பிள்ளையோ, அம்மா என்ன நினைக்கிறார் என்று தெரியாமல், 'வேண்டாம் என்று சொன்னால் ஊர் என்ன சொல்லும், பணத்துக்காக விட்டுவிட்டான் என்று பேசுவார்களே' என்ற அச்சத்தில் எல்லாவற்றுக்கும் சரி என்று கையெழுத்துப் போடுகிறார். பொறுப்பை அம்மா பிள்ளையிடம் கொடுக்கிறார். பிள்ளை மருத்துவரிடம் கொடுக்கிறார். மருத்துவர் கையெழுத்தைக் கேட்கிறார். நடுவில் அம்மாவின் சொல் எங்கும் இல்லை.

டயாலிசிஸ் செய்த அன்று பேசாதீர்கள். அன்று உடல் துவண்டு, தலை கனத்து, படுத்தால் போதும் என்றிருக்கும். மறுநாள் காலையில் காப்பி குடித்துவிட்டுச் சற்றுத் தெளிவாக இருக்கும் நேரம்தான் ஏற்றது. எடுத்த எடுப்பில் வெண்டிலேட்டரைப் பற்றிக் கேட்கவும் கூடாது. நோயைப் பற்றி அவருக்கு என்ன தெரியும், மேலும் தெரிந்துகொள்ள விருப்பமா என்று முதலில் கேளுங்கள். சிலருக்கு எல்லாம் தெரிய வேண்டும், சிலருக்குத் தெரியவே வேண்டாம், இரண்டுமே அவர்கள் உரிமை. பிறகு, இப்போது அவருக்கு எது முக்கியம், எதை நினைத்தால் பயம், எந்த நிலையில் வாழ்வதை அவர் வாழ்வாகவே கருதமாட்டார் என்று ஒவ்வொன்றாகப் போகலாம். எங்கள் வீட்டில் சித்தப்பாவிடம் கேட்டபோது உரையாடல் இப்படித்தான் தொடங்கியது.

"சித்தப்பா, பெரியம்மாவுக்கு நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"எப்படி மறக்கும்? கையைக் கட்டிப் போட்டிருந்தாங்களே."

"உங்களுக்கு அப்படி ஒரு நிலைமை வந்தா நாங்க என்ன செய்யணும்?"

வெகு நேரம் பேசாமல் இருந்தார். வெற்றிலையை மடித்தவர் அதை வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார். பிறகு, "கையைக் கட்டக் கூடாது" என்றார். அதிலிருந்து எல்லாம் தானாகவே வந்தது. குடும்பத்தில் முன்பு நடந்த ஒரு மரணத்தைத் தொட்டுப் பேசுவது பலருக்கும் எளிதாக இருக்கிறது. தம்மைப் பற்றி நேராகச் சொல்ல வராதவர்கள்கூட, 'அவருக்கு நடந்ததுபோல வேண்டாம்' என்றோ 'அவரைப்போல வீட்டிலேயே போக வேண்டும்' என்றோ சொல்லிவிடுவார்கள்.

பெண்களிடம் கேட்கும்போது கூடுதல் கவனம் வேண்டும். "எனக்கு எதுக்கு இவ்வளவு செலவு, விட்டுடுங்க" என்று ஒரு தாய் சொன்னால், அதை அவருடைய விருப்பமாக உடனே எழுதிக்கொள்ளக் கூடாது. அது சுமையாகிவிட்டோம் என்ற வருத்தமாக இருக்கலாம், மனச்சோர்வு நோயாக இருக்கலாம், வலி அடங்காததால் வந்த சலிப்பாகவும் இருக்கலாம். பணத்தைப் பற்றிய கவலையை முதலில் தனியாகப் பிரித்து எடுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் கட்டணமின்றிக் கிடைக்கிறது. 2016இல் தொடங்கிய தேசிய டயாலிசிஸ் திட்டமும் இருக்கிறது. பேருந்துக் கட்டணமும் கூடவரும் மகனின் ஒரு நாள் கூலியும் அப்போதும் மிஞ்சும் என்பது உண்மைதான். ஆனாலும் 'செலவே இல்லை என்றால் என்ன சொல்வீர்கள் அம்மா' என்று கேட்டுப் பார்த்து, அதற்கு அவர் தரும் விடையைத்தான் எழுத வேண்டும்.

சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் பிள்ளைகள் இருக்கும் குடும்பங்கள் இங்கே ஏராளம். தொலைவிலிருந்து கடைசி நேரத்தில் வந்து இறங்கும் பிள்ளைதான், கூடவே இருந்தவர்கள் எடுத்த முடிவைப் பெரும்பாலும் மறுக்கிறார். அவர் கெட்டவர் என்பதால் அல்ல, அவர் அந்த உரையாடலில் இல்லை என்பதால். காணொலி அழைப்பிலாவது அவரையும் உட்கார வைத்துப் பேசிவிடுங்கள்.

நிறுத்துவது என்பது

சில ஆண்டுகள் டயாலிசிஸ் செய்த பிறகு, உடல் மேலும் தளர்ந்து, இயந்திரத்தில் போடும்போதெல்லாம் இரத்த அழுத்தம் விழுந்து, 'போதும்' என்று நோயாளி சொல்லும் நிலை வரலாம். தெளிந்த மனநிலையில் உள்ள எவருக்கும் ஒரு சிகிச்சையை மறுக்கும் உரிமை உண்டு. இதைத் தற்கொலை என்றோ கருணைக்கொலை என்றோ நினைக்க வேண்டாம். நோய் தன் போக்கில் போவதை இயந்திரத்தால் தடுக்காமல் விடுவது மட்டுமே நடக்கிறது. நிறுத்திய பிறகு பெரும்பாலோர் ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை இருக்கிறார்கள். சிறுநீர் சிறிதளவு போய்க்கொண்டிருப்பவர்கள் சில வாரங்கள்கூட இருக்கலாம். தூக்கம் கூடிக்கொண்டே வந்து, பேச்சுக் குறைந்து, ஆழ்ந்த உறக்கத்திலேயே உயிர் பிரிவதுதான் பெரும்பாலும் நடப்பது. தொந்தரவுகளுக்கு உரிய மருந்தைக் கையில் வைத்துக்கொண்டால் இது அமைதியாகவே நடக்கும்.

ஆனால் நிறுத்துவதும் தவறிப்போவதும் ஒன்றல்ல. பேருந்துக்குக் காசில்லாமலோ, கூட்டிப்போக ஆளில்லாமலோ ஒருவர் டயாலிசிஸுக்குப் போகாமல் இருந்தால், அதை 'அவரே வேண்டாம் என்றுவிட்டார்' என்று யாரும் சொல்ல அனுமதிக்கக் கூடாது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யத்தில் கரை கடந்து, நாகை, திருவாரூர், தஞ்சை மாவட்டங்களில் மரங்கள் சாலைகளில் விழுந்து, பல நாட்கள் மின்சாரம் இல்லாமல் போனதை இந்தப் பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் சாலை துண்டிக்கப்பட்டால் என்ன செய்வது என்பதும் திட்டத்தில் ஒரு வரியாக இருக்க வேண்டும்: புயல் எச்சரிக்கை வந்ததும் முன்னதாகவே ஒருமுறை டயாலிசிஸ் செய்துகொள்ள முடியுமா என்று மையத்தில் கேட்பது, அந்த நாட்களில் தண்ணீரையும் உப்பையும் வாழைப்பழம், இளநீர் போன்ற பொட்டாசியம் மிகுந்தவற்றையும் கடுமையாகக் குறைப்பது, எந்த மருத்துவமனைக்குப் பாதை முதலில் திறக்கும் என்று தெரிந்துவைப்பது.

வலியும் வாய்க்கு ஒரு வாய் நீரும்

சிறுநீரகம் செயலிழந்தவருக்கு எல்லா வலி மருந்தும் ஒத்துக்கொள்ளாது. கடையில் தாமாக வாங்கும் டைக்லோஃபினாக் போன்றவை மிச்சமிருக்கும் செயல்பாட்டையும் கெடுக்கும். கடும் வலிக்குத் தரப்படும் மார்ஃபின் உடலில் உடைந்து உருவாகும் பொருட்கள் சிறுநீர் வழியாகத்தான் வெளியேற வேண்டும். சிறுநீரகம் இல்லாதபோது அவை தேங்கி, மயக்கமும் தசைத் துடிப்பும் மூச்சு மந்தமும் உண்டாக்கும். ஆகவே ஃபென்டனில், புப்ரினார்ஃபின் போன்றவற்றையே மருத்துவர்கள் பெரிதும் விரும்புகிறார்கள். அரிப்புக்கும் இரவில் கால்கள் அடங்காமல் துடிப்பதற்கும் காபாபென்டின் மிகக் குறைந்த அளவில் பயன்படும். மூச்சுத் திணறும்போது தலைப்பக்கம் உயர்த்தி உட்காரவைத்து முகத்துக்கு நேரே மின்விசிறியை வைப்பது எளியதுதான், ஆனால் அதற்கே நல்ல ஆறுதல் கிடைக்கிறது. இவற்றையெல்லாம் அறிந்த மருத்துவத்துக்கு நோய் ஆதரவுச் சிகிச்சை என்று பெயர். இறப்பு நெருங்கினால்தான் அதை நாட வேண்டும் என்பதில்லை. வலியும் அரிப்பும் தொடங்கிய நாளிலிருந்தே நாடலாம். வீட்டுக்கே வந்து பார்க்கும் ஆதரவுச் செவிலியர்கள் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இருக்கிறார்கள். உங்கள் பகுதியின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் தொடர்பு கிடைக்கும்.

உணவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தென்னந்தோப்புக்கு நடுவில் வாழ்ந்தும் இளநீரைத் தொடாமல், காய்களை நறுக்கி வெந்நீரில் ஊறவைத்து வடித்த சக்கையையே சாப்பிட்டு, தண்ணீரை டம்ளரில் அளந்து குடித்தவர்கள் இவர்கள். டயாலிசிஸ் தொடரும்வரை அந்தக் கட்டுப்பாடு உயிரைக் காக்கிறது. டயாலிசிஸை நிறுத்தி, நாட்கள் எண்ணப்படும் நிலைக்கு வந்த பிறகும், "தண்ணி கூடாதும்மா" என்று டம்ளரைப் பிடுங்கிக்கொண்டிருக்கத் தேவையில்லை. நீர் அதிகமானால் மூச்சுத் திணறும் என்பதால் அளவு வேண்டும். ஆனால் ஆசைப்பட்ட காப்பி இரண்டு வாய், தயிர்சாதம் நாலு கவளம், இளநீர் ஒரு கரண்டி கொடுக்கலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். பெரும்பாலும் கொடுக்கலாம் என்றுதான் சொல்வார். என் பெரியம்மா கடைசியாகக் கேட்டது ஒரு டம்ளர் மோர். நாங்கள் கொடுக்கவில்லை.

பால் ஊற்றும் வழக்கத்தைப் பற்றியும் பலருக்கு ஐயம் இருக்கிறது. விழுங்க முடியாமல் மயங்கிக் கிடப்பவரின் வாயில் கரண்டியால் பாலோ காவிரி நீரோ ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போய்த் திணறலை உண்டாக்கும். சுத்தமான பஞ்சிலோ துணியிலோ நனைத்து உதட்டிலும் நாவிலும் தடவினால், உறவினர் ஒவ்வொருவரும் முறைப்படி செய்த நிறைவும் இருக்கும், நோயாளிக்கு வாய் வறளாமலும் இருக்கும். நாகூரிலும் கூத்தாநல்லூரிலும் கலிமா சொல்லிக்கொடுப்பவர்களும், வேளாங்கண்ணிப் பக்கத்தில் நோயில் பூசுதலுக்குப் பங்குத்தந்தையை அழைப்பவர்களும், யாரை எப்போது அழைக்க வேண்டும் என்பதைத் திட்டத்திலேயே எழுதிவைப்பது நல்லது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் போய்விட்டால் இவற்றுக்கெல்லாம் இடம் கிடைப்பது அரிது.

சட்டம் என்ன சொல்கிறது

உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று, கண்ணியமாக இறப்பதும் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதியே என்று கூறி, பேச முடியாமல் போனால் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்பே எழுதிவைக்கும் முன்கூட்டிய மருத்துவ உயிலைச் சட்டப்படி ஏற்றது. அப்போது வைக்கப்பட்ட நடைமுறை மிகச் சிக்கலாக இருந்ததால் 2023 ஜனவரி 24 அன்று அதை எளிதாக்கியது. பதினெட்டு வயது நிறைந்த, தெளிந்த மனநிலையுள்ள எவரும், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் இதை எழுதலாம். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி ஒருவரிடமோ அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலரிடமோ சான்று பெற வேண்டும். முன்பு இதற்கு நீதித்துறை நடுவரிடம் போக வேண்டியிருந்தது. தமக்காக முடிவெடுக்க வேண்டியவர்களின் பெயரை, ஒருவருக்கு மேற்பட்டும், குறிப்பிடலாம். எப்போது வேண்டுமானாலும் எழுத்து மூலம் மாற்றலாம், திரும்பப் பெறலாம். நோயாளி பேசும் நிலையில் இருக்கும்வரை அவர் வாய்ச்சொல்லே முதன்மையானது. உயில் அவரால் பேச முடியாதபோதுதான் வேலைக்கு வரும். அந்த நிலையில் சிகிச்சை அளிக்கும் மருத்துவரும் குறைந்தது ஐந்தாண்டு அனுபவமுள்ள வேறு இரு மருத்துவர்களும் கொண்ட குழு பார்த்து, இரண்டாவது குழு ஒன்றும் ஒப்புக்கொண்ட பிறகே உயிர்காப்புக் கருவிகள் விலக்கப்படும். ஒவ்வொரு குழுவும் இயன்றவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும்.

நோட்டரி முத்திரை இல்லாத வெறும் வெள்ளைத்தாளுக்கு இந்தச் சட்ட வலிமை இல்லை. என்றாலும் அப்படி ஒரு தாள் வீட்டில் இருப்பது வீணல்ல. மருத்துவர் வெளியே வந்து கேட்கும்போது, பிள்ளைகள் தங்கள் மனத்தைத் துழாவாமல் அந்தத் தாளைப் படித்துச் சொல்ல முடியும்.

சித்தப்பாவுக்கு இப்போது எழுபத்து நான்கு வயது. நன்னிலம் பக்கம் ஒன்றரை ஏக்கர் நிலம். நீரிழிவு நெடுநாளாக உண்டு, ஒருமுறை மாரடைப்பும் வந்தது, இ.ஜி.எஃப்.ஆர். 11. இப்போதைக்கு டயாலிசிஸ் வேண்டாம் என்று மருத்துவரோடு பேசி முடிவு செய்திருக்கிறார். அவருடைய தாள் குடும்ப அட்டை வைத்திருக்கும் பிளாஸ்டிக் உறையில் இருக்கிறது. நகல் ஒன்று மூத்த மகளிடமும், இன்னொன்று ஊர் மருத்துவரிடமும் இருக்கின்றன. கையைக் கட்டக் கூடாது என்பதுதான் முதல் வரி. நினைவு தப்பினால் சுவாசக் கருவி வேண்டாம், நெஞ்சை அழுத்தி இதயத்தை மீட்க முயல வேண்டாம், கூடத்தில் ஜன்னலோரம் கட்டில் போட வேண்டும், கண்களைத் தானம் செய்ய வேண்டும், உயிர் பிரிந்தால் ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டுமென்பதால் கண் வங்கிக்கு உடனே சொல்ல வேண்டும் என்று அடுத்தடுத்து எழுதியிருக்கிறார். 'மருத்துவமனையே வேண்டாம்' என்று ஒரு வரி இருந்தது. புரட்டாசியில் ஓர் இரவு மூச்சுத் திணறி, ஊசி போட்டதும் தணிந்த பிறகு, மகளைத் தாளை எடுத்துவரச் சொல்லி அந்த வரியைத் தம் கையாலேயே அடித்துவிட்டு, 'மூச்சு முட்டினால் மட்டும் அழைத்துப் போகலாம், ஐ.சி.யூ. வேண்டாம்' என்று எழுதினார். கீழே, சம்பா அறுவடை முடிந்ததும் தை மாதத்தில் இதை மறுபடியும் படித்துப் பார்க்க வேண்டும் என்று குறித்து, தேதி போட்டுக் கையெழுத்திட்டிருக்கிறார்.